பெயர் மாறிய குழுக்களும் நம் தோட்டத்துத் திடலும்

பெயர் மாற்றம் என்பது கோல சிலாங்கூர் வட்டாரத்து மக்களுக்குப் புதிய சங்கதி அன்று. நாம் பத்தாங் பெர்ஜுந்தை என்று அழைத்து வந்த பட்டணம் 2007-ஆம் ஆண்டில் பெஸ்தாரி ஜெயா ஆயிற்று. நம்மில் பலருடைய பாட்டன்மார் கப்பலை விட்டு இறங்கிய போர்ட் சுவெட்டன்ஹாம், 1972-இல் போர்ட் கிள்ளான் ஆயிற்று. தோட்டம் ஒரு கம்பெனியிடமிருந்து இன்னொரு கம்பெனிக்குக் கைமாறும்போது வாசல் பலகையில் பெயர் மாறும்; மறுநாள் விடியற்காலையில் நாம் அதே பெரட்டுக் களத்தில்தான் போய் நிற்போம். வானொலி 6 என்று கேட்டு வந்த ஒலிபரப்பு மின்னல் எஃப்.எம். ஆனபோதும், பெட்டியைத் திருப்பினால் நம் தமிழ்தான் ஒலித்தது.

அப்படியானால் பெயர் மாறும்போது உண்மையில் மாறுவது என்ன? மாறாமல் நிற்பது என்ன? இந்தக் கேள்விக்கு இன்று நாம் காற்பந்தை வைத்து விடை தேடுவோம். நம் சிலாங்கூர் மாநிலத்தில் பெயர் மாற்றிக்கொண்ட இரண்டு குழுக்கள் உண்டு. ஒன்று மிகப் பழையது. மாநிலத்தின் பெயரையே தாங்கியது. மற்றொன்று மலேசிய இந்தியர்களின் பெயரைத் தாங்கி மேலே வந்தது. பழைய குழு நிலைத்து நின்றது. மற்றது பெயர் மாற்றிய நான்கே ஆண்டுகளில் உயர்மட்டப் போட்டியை விட்டு விலகியது. இரண்டும் ஒரே காலத்தில், ஒரே மாநிலத்தில் நடந்தவை. அந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்வது நம் பிள்ளைகளுக்குப் பயன்படும். ஏனென்றால், தோட்டத்துத் திடலில் பந்து உதைக்கும் பையன் ஒருவனாவது, "பெரியவனானதும் நான் காற்பந்து ஆட்டக்காரன் ஆவேன்" என்று அம்மாவிடம் சொல்லாத வீடு நம்மிடையே குறைவு.

முதலில் பழைய கதையைப் பார்ப்போம்.

1921-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 'மலாயா' என்ற பெயர் கொண்ட பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஒன்று இந்நாட்டுத் துறைமுகங்களுக்கு வந்தது. பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய ஐக்கிய மலாய் மாநிலங்கள் தங்கள் பணத்தைக் கொடுத்துக் கட்டுவித்த கப்பல் அது. அந்நாளில் இம்மாநிலங்களின் கஜானாவைச் செழிக்க வைத்தவை ஈயமும் ரப்பரும். ஆகவே, பால்மரம் சீவிய கைகளுக்கும் அந்தக் கப்பலில் ஒரு பங்கு உண்டு என்று நாம் சொன்னால் அது மிகையாகாது. கப்பலின் மாலுமிகள் இங்குள்ள மக்களோடு பல விளையாட்டுகள் ஆடினார்கள். தங்களுக்குக் கிடைத்த உபசரிப்புக்கு நன்றியாக இரண்டு கிண்ணங்களை வழங்கினார்கள். ஒன்று ரக்பி ஆட்டத்துக்கு, மற்றொன்று காற்பந்துக்கு. அந்தக் காற்பந்துக் கிண்ணமே மலாயா கிண்ணம். 1921-இல் நடந்த முதல் இறுதியாட்டத்தில் சிங்கப்பூர் சிலாங்கூரை வென்றது. அடுத்த ஆண்டே, 1922-இல், சிலாங்கூர் கிண்ணத்தை வென்றது.

இங்கேயே ஒரு பெயர் மாற்றத்தைக் கவனியுங்கள். மலேசியா அமைந்த பிறகு, 1967-இல், மலாயா கிண்ணம் மலேசியா கிண்ணம் ஆயிற்று. நாடு விரிந்தது; நாட்டோடு கிண்ணத்தின் பெயரும் விரிந்தது. அதனால் யாரும் அதை வேறு போட்டி என்று நினைக்கவில்லை. பழைய வெற்றிகளையும் புதிய வெற்றிகளையும் சேர்த்தே எண்ணுகிறார்கள். அப்படி எண்ணும்போது, 1922 முதல் 2015 வரை சிலாங்கூர் 33 தடவை அந்தக் கிண்ணத்தை வென்றிருக்கிறது.

சிலாங்கூர் காற்பந்துச் சங்கம் 1936-ஆம் ஆண்டில் அமைந்தது. சிவப்பும் மஞ்சளும் அதன் நிறங்கள். மாநிலக் கொடியின் நிறங்களும் அவையே. 'கெர்காசி மேரா', அதாவது சிவப்பு அரக்கன் என்பது மக்கள் அதற்கு இட்ட பட்டப்பெயர். 1967-இல் ஆசியக் கிளப்புகளுக்காக முதன்முதலாக நடந்த போட்டியில் சிலாங்கூர் இறுதியாட்டம் வரை சென்றது.

எழுபதுகளில் சிலாங்கூர்க் குழுவின் பெயர்களைத் தோட்டத்துப் பிள்ளைகள் பெருக்கல் வாய்ப்பாட்டைப் போல் ஒப்பிப்பார்கள். மொக்தார் டஹாரி, சோ சின் ஆன், சந்தோக் சிங், கோல் காவலர் ஆர். ஆறுமுகம். ஒரு மலாய்க்காரர், ஒரு சீனர், ஒரு சீக்கியர், ஒரு தமிழர். ஆறுமுகத்தின் நீண்ட கைகளைக் கண்டு மக்கள் அவரை 'ஸ்பைடர்மேன்' என்று அழைத்தார்கள். 1980-இல் மெர்டேக்கா அரங்கத்தில் தென் கொரியாவை 2-1 என்று வென்று, மாஸ்கோ ஒலிம்பிக் போட்டிக்குத் தகுதி பெற்ற மலேசியக் குழுவின் கோல் காவலரும் அவரே. நாடு அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்ததால் குழு போகவில்லை. ஆறுமுகம் 1988-இல் சாலை விபத்தில் காலமானார். மொக்தார் டஹாரி 1991-இல் நோயால் காலமானார். பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். அந்த இருவரின் பெயரைச் சொன்னால் இன்றும் குரல் தாழ்ந்துவிடும்.

அந்தக் காலத்து ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் அரசாங்க இலாகாவிலோ வங்கியிலோ வேறு நிறுவனத்திலோ வேலை பார்த்துக்கொண்டு, வேலை முடிந்து பயிற்சிக்குப் போனவர்கள். பந்து அவர்களுக்குப் பெருமை. வேலை அவர்களுக்குச் சோறு. காலில் அடிபட்டால் ஆட்டம் நிற்கும், அடுப்பு அணையாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து வரும் மாற்றத்தின் அருமையும் ஆபத்தும் அப்போதுதான் விளங்கும்.

1989-இல் மலேசியாவில் பாதித் தொழில்முறை லீக் தொடங்கியது. 1994-இல் முழுத் தொழில்முறைக் காற்பந்து வந்தது. 2004-இல் சூப்பர் லீக் வந்தது. இப்போது பந்தாட்டமே வேலை. அதற்கு மாதச் சம்பளம். ஆனால் சம்பளம் கொடுத்தவை யாவை? பெரும்பாலும் மாநிலக் காற்பந்துச் சங்கங்கள்.

சங்கம் என்றால் என்னவென்று நமக்குத் தெரியும். கோயில் நிர்வாகமும் ஒரு சங்கம்தான். உறுப்பினர்கள் உண்டு, ஆண்டுக் கூட்டம் உண்டு, தலைவர், செயலாளர், பொருளாளர் தேர்தல் உண்டு. திருவிழா நடத்தச் சங்கம் போதும். ஆனால் முப்பது நாற்பது பேருக்கு மாதந்தோறும் பெருந்தொகை சம்பளம் கொடுக்கும் காரியத்தைச் சங்க முறையில் நடத்தினால் என்ன ஆகும்? இந்த ஆண்டுச் செயலவை ஒப்பந்தம் போடும்; அடுத்த ஆண்டுச் செயலவை, "அது நாங்கள் போட்டதில்லையே" என்று கையை விரிக்கும். ஆதரவளிக்கும் அரசியல்வாதி மாறினால் பணம் வருவது நிற்கும். இப்படிப் பல மாநிலங்களில் ஆட்டக்காரர்களுக்கு மாதக்கணக்கில் சம்பளப் பாக்கி விழுந்தது. இரண்டு மாதம் சம்பளம் வராவிட்டால் ஒரு குடும்பம் என்ன பாடுபடும் என்பதைத் தோட்ட மக்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இதற்கு ஒரு கட்டுப்பாடு கொண்டுவரவே, லீக்கில் ஆடும் ஒவ்வொரு குழுவும் சங்கத்திலிருந்து பிரிந்து, சட்டப்படி பதிவான கம்பெனியாக மாற வேண்டும், உரிமம் பெற வேண்டும் என்ற விதி வந்தது. சிலாங்கூர்க் குழு 2020-இல் அந்த மாற்றத்தில் இறங்கியது. 2021-ஆம் ஆண்டுப் பருவம் முதல் அது 'சிலாங்கூர் எஃப்.சி.', அதாவது சிலாங்கூர் காற்பந்துக் கிளப் என்ற பெயரில் ஆடியது. அதற்கு முன்பே, மாநில வளர்ச்சிக் கழகத்தின் குழுவான பி.கே.என்.எஸ்., சிலாங்கூரின் இரண்டாம் குழுவாக மாற்றப்பட்டது. முதல் குழுவுக்கு இளைஞர்களைத் தயார் செய்வது அதன் வேலையாயிற்று.

வீடும் மாறியது. 1994-இல் திறக்கப்பட்ட ஷா ஆலம் அரங்கம் எண்பதாயிரம் பேர் அமரக் கட்டப்பட்டது. அது பழுதடைந்து மூடப்பட்டு, 2024-இல் இடிக்கும் வேலை தொடங்கியது. குழு பெட்டாலிங் ஜெயா மாநகராட்சி அரங்கத்துக்குக் குடிபெயர்ந்தது.

எண்ணிப் பாருங்கள். பெயரில் பாதி மாறியது. நிர்வாகம் மாறியது. அரங்கம் மாறியது. ஆனால் 'சிலாங்கூர்' என்ற சொல் மாறவில்லை. சிவப்பு மஞ்சள் நிறமும் மாறவில்லை. அப்பாவின் தோளில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்த பையன், இன்று தன் பையனைத் தோளில் தூக்கிப் போகிறான். அந்தச் சங்கிலி அறுபடவில்லை. நம்மவர்களின் பங்கும் அதில் தொடர்ந்தே வந்திருக்கிறது. எழுபதுகளில் அங்கு ஆடிய கே. ராஜகோபால், பின்னர் தேசியப் பயிற்றுநராகி 2010-இல் தென்கிழக்காசியக் கிண்ணத்தை மலேசியாவுக்கு முதன்முறையாகப் பெற்றுத் தந்தார். 2009-இல் சிலாங்கூர் சூப்பர் லீக்கை வென்றபோது பயிற்றுநராக இருந்தவர் கே. தேவன்.

இனி இரண்டாவது குழுவின் கதைக்கு வருவோம்.

மலேசிய இந்தியர் விளையாட்டு மன்றம், மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கம் ஆகிய இரண்டின் பெயர்களையும் சேர்த்துத் தாங்கிய குழு ஒன்று இருந்தது. சுருக்கமாக 'மிஃபா' என்று நாம் சொன்னோம். கீழ்மட்ட லீக்கில் ஆடி, 2017-இல் இரண்டாம் மட்டமான பிரீமியர் லீக்குக்கு வந்தது. 2018 பருவத்தின் முடிவில் சூப்பர் லீக்குக்கு உயர்ந்தது. நாட்டின் தலைசிறந்த பன்னிரண்டு குழுக்களில் ஒன்றாக, இந்தியர் அமைப்பிலிருந்து பிறந்த குழு போய் நின்றது. அது சிறிய காரியம் அன்று. தோட்டத்திலும் தாமானிலும் இருந்த நம் பையன்கள், "நமக்கும் ஒரு வாசல் இருக்கிறது" என்று நம்புவதற்கு அது காரணமாக இருந்தது.

சூப்பர் லீக்குக்குள் 2019-இல் நுழைந்தபோது அதன் பெயர் பெட்டாலிங் ஜெயா சிட்டி எஃப்.சி. என்று மாறியிருந்தது. சமூகத்தின் பெயர் போய் நகரத்தின் பெயர் வந்தது. இதில் இரண்டு பக்க நியாயமும் உண்டு. ஓர் இனத்தின் பெயரில் ஆடும் குழுவுக்கு மற்ற இனத்தவர் எப்படி ஆதரவு தருவார்கள்? குழுவிலோ எல்லா இன ஆட்டக்காரர்களும் ஆடுகிறார்கள். ஆகவே, ஊர்ப் பெயர் வைத்தால் ஊரார் எல்லோரும் சொந்தம் கொண்டாடலாம். இது ஒரு பக்கம். "பாடுபட்டு மேலே கொண்டுவந்த பெயரை, மேலே வந்ததும் கழற்றி வைத்துவிட்டார்களே" என்ற வருத்தம் இன்னொரு பக்கம். இரண்டையும் நாங்கள் குறைத்து மதிக்கவில்லை.

அந்தக் குழு நல்ல காரியங்களும் செய்தது. பி. மணியம் பயிற்றுநராக இருந்த 2021 பருவத்தில், வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவரும் இல்லாமல், உள்நாட்டு ஆட்டக்காரர்களை மட்டும் வைத்துக்கொண்டு சூப்பர் லீக்கில் ஆடியது. மற்றக் குழுக்கள் பிரேசிலிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் கோல் அடிப்பவர்களைத் தருவித்த நேரத்தில், நம் நாட்டுப் பையன்களை நம்பி இறங்கியது. ஆயினும் 2022 பருவத்தோடு அது சூப்பர் லீக்கிலிருந்து விலகிக்கொண்டது. அதே வேளையில் மலாக்கா யுனைடெட், சரவாக் யுனைடெட் ஆகிய இரு குழுக்களுக்கும் 2023 பருவத்துக்கான உரிமம் கிடைக்கவில்லை. ஒரே சமயத்தில் மூன்று குழுக்கள் உயர்மட்டத்திலிருந்து மறைந்தன.

ஏன் இப்படி? பெயரை மாற்றியதால்தான் பெட்டாலிங் ஜெயா குழு மறைந்தது என்று சொன்னால் அது நியாயமாகாது. குழு நடத்தப் பெரும் பணம் வேண்டும். அது ஒரு சிலரின் கையிலிருந்து மட்டும் வந்தால், அந்தக் கை சோர்ந்த நாளில் குழுவும் சோர்ந்துவிடும். அந்தப் பாரத்தைப் பகிர்ந்துகொள்ள வேண்டியவர்கள் ஆதரவாளர்கள். நுழைவுச் சீட்டு வாங்குபவர்கள் அவர்கள், சட்டை வாங்குபவர்கள் அவர்கள், விளம்பரம் தரும் கம்பெனிக்கு நம்பிக்கை கொடுப்பவர்களும் அவர்களே. பெட்டாலிங் ஜெயாவில் வாழும் காற்பந்து ரசிகர்களின் மனத்தில் ஏற்கெனவே சிலாங்கூர் குடியிருந்தது. புதிய பெயருக்கு அங்கே தாத்தா இல்லை, அப்பா இல்லை. பழைய பெயரால் வந்த ஆதரவாளர்களோ, பெயரோடு பாதி தூரத்தில் நின்றுவிட்டார்கள். வேரை விட்டு வெட்டி வேறு மண்ணில் நட்ட கன்று, வேர் பிடிக்குமுன் வெயில் வந்துவிட்டால் என்ன செய்யும்? ரப்பர்க் கன்றும் செம்பனைக் கன்றும் நட்டுப் பழகிய நமக்கு இது தெரியாததா?

இது நம் நாட்டில் மட்டும் நடப்பதன்று. இங்கிலாந்தில் 1878-இல் ரயில்வே தொழிலாளர்கள் சேர்ந்து ஒரு குழு தொடங்கினார்கள். ரயில் பெட்டி செய்யும் பட்டறையில் வேலை செய்தவர்கள் அவர்கள். நம்மைப் போல் உடலுழைப்பு மக்கள். நியூட்டன் ஹீத் என்பது குழுவின் பெயர். கடன் முற்றி, குழு மூழ்கும் நிலை வந்தது. புதிய முதலாளிகள் வந்து கடனைத் தீர்த்தார்கள். 1902-இல் பெயரையும் மாற்றினார்கள். அந்தப் புதிய பெயர் மான்செஸ்டர் யுனைடெட். அங்கே பெயர் மாற்றம் குழுவைக் காப்பாற்றியது. காரணம் பெயர் மட்டும் அன்று. பெயரோடு கடன் தீர்ந்தது, ஊரும் கூடவே வந்தது.

நேர்மாறான கதையும் உண்டு. கார்டிஃப் சிட்டி என்பது வேல்ஸ் நாட்டுக் குழு. அதன் நிறம் நீலம். அதை வாங்கிய மலேசியத் தொழிலதிபர் வின்சென்ட் டான், 2012-இல் நீலச் சட்டையைச் சிவப்பாக மாற்றினார். அடுத்த ஆண்டே குழு இங்கிலாந்தின் உயர்மட்ட லீக்குக்கு ஏறியது. ஆனாலும் ஆதரவாளர்கள் ஆறவில்லை. "வெற்றி வேண்டும், ஆனால் எங்கள் நீலமும் வேண்டும்" என்று விடாமல் கேட்டார்கள். 2015-இன் தொடக்கத்தில் நீலம் திரும்பி வந்தது. பணம் போட்டவர் சட்டப்படி முதலாளி. ஆனால் நிறத்துக்குச் சொந்தக்காரர்கள் வேறு ஆட்கள் என்பதை அவரும் ஏற்க நேர்ந்தது.

தோட்டத் தொழிலாளர்களான நமக்கு இதைவிட நெருக்கமான ஓர் உதாரணமும் உண்டு. 1954-இல், தனித்தனியாக இயங்கிய பல தோட்டத் தொழிலாளர் சங்கங்கள் தங்கள் பழைய பெயர்களை விட்டு ஒன்றாக இணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் ஆயின. பெயர்கள் மறைந்தன, பலம் கூடியது. ஏனென்றால் அந்தப் பெயர்களுக்குச் சொந்தக்காரர்களே கூடிப் பேசிச் செய்த மாற்றம் அது. ஆகவே, பெயர் மாறுவது நல்லதா கெட்டதா என்று கேட்பதைவிட, யாரைக் கேட்டு மாற்றினார்கள், மாற்றியதும் யாருக்கு என்ன கிடைத்தது என்று கேட்பதே சரியான கேள்வி.

இதுவரை பெரிய குழுக்களைப் பற்றிப் பேசினோம். இனி நம் வீட்டுக்கு வருவோம்.

ஒரு நாள் உங்கள் மகனையோ மகளையோ ஒரு குழு அழைக்கலாம். மகளையும் சேர்த்தே சொல்கிறோம். இந்நாளில் பெண் பிள்ளைகளும் காற்பந்து ஆடுகிறார்கள். அழைக்கும் குழுவின் பெயர் பெரிதாக இருக்கலாம். சின்னம் பளபளப்பாக இருக்கலாம். அதைக் கண்டு மயங்காமல், பெற்றோர் நான்கு கேள்விகளைக் கேட்க வேண்டும்.

முதலாவது, ஒப்பந்தம் எழுத்தில் உண்டா? வாய்ச்சொல் வேண்டாம். எழுதிய தாளைப் படித்துப் பார்த்து, புரியாத இடத்தைப் புரிந்தவரிடம் கேட்டு, அதன் பிறகே கையெழுத்துப் போட வேண்டும். ஒரு பிரதியை வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். பிள்ளைக்குப் பதினெட்டு வயது ஆகாவிட்டால், தாய் தகப்பன் அறியாமல் எந்தத் தாளிலும் கையெழுத்து விழக்கூடாது.

இரண்டாவது, சம்பளம் எந்தத் தேதியில் வரும்? சேமநிதிக்கும் சொக்சோவுக்கும் பணம் கட்டுவார்களா? தோட்டத்தில் சம்பளச் சீட்டைப் பார்த்து ஒவ்வொரு கழிவையும் விசாரிக்கிற நாம், பந்தாட்டத்துக்கு மட்டும் ஏன் கண்ணை மூட வேண்டும்? சம்பளப் பாக்கி விழுந்தால் முறையிடுவதற்கு, மலேசியத் தொழில்முறைக் காற்பந்து ஆட்டக்காரர்கள் சங்கம் என்ற அமைப்பு இருக்கிறது. தோட்டத்துக்குத் தொழிற்சங்கம் எப்படியோ, ஆட்டக்காரருக்கு அது அப்படி.

மூன்றாவது, காலில் அடிபட்டால் வைத்தியச் செலவு யாருடையது? ஆட முடியாத மாதங்களில் சம்பளம் உண்டா? இதை முதலில் கேட்டால் கோபித்துக்கொள்ளும் குழு, பின்னால் அடிபட்டபோது கண்டுகொள்ளாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, படிப்பு என்ன ஆகும்? காற்பந்து ஆட்டக்காரரின் காலம் முப்பத்தைந்து வயதோடு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. அதன் பிறகும் முப்பது நாற்பது ஆண்டு வாழ வேண்டும். ஆகவே, படிப்பை நிறுத்தச் சொல்லும் வாய்ப்பு உண்மையான வாய்ப்பு அன்று. பகாங் மாநிலம் கம்பாங்கில் மொக்தார் டஹாரியின் பெயரால் அமைந்த காற்பந்துப் பயிற்சிக் கழகத்தில் பிள்ளைகள் பயிற்சியோடு பள்ளிப் படிப்பையும் தொடர்கிறார்கள். பந்தும் புத்தகமும் ஒரு பையில் இருக்க முடியும் என்பதற்கு அது சான்று.

கடைசியாக ஒன்று. குழுவின் பெயரைக் கூட்டம் போட்டு ஒரே நாளில் மாற்றிவிடலாம். திடலை ஒரே நாளில் உண்டாக்க முடியாது. நம் தோட்டங்களில் லயன் வீடுகளுக்கு அருகே, கோயிலுக்கோ தமிழ்ப்பள்ளிக்கோ பக்கத்தில், ஒரு திடல் இருந்தது. மாலையானால் பால் வாளியைக் கழுவி வைத்துவிட்டு அண்ணன்மாரும் தம்பிமாரும் அங்கே கூடுவார்கள். பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல குடும்பங்கள் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தன. சில தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டு வீடமைப்பு நிலமாயின. அந்த மாற்றத்தில் முதலில் காணாமல் போவது பெரும்பாலும் திடல்தான். அதற்குச் சொந்தக்காரர் என்று சொல்லி வாதாட யாரும் இருப்பதில்லை.

சூப்பர் லீக்கில் நம் பெயர் தாங்கிய குழு இல்லையே என்று வருந்துவது இயல்பு. ஆனால் பத்து வயதில் பந்து உதைக்க இடமில்லாத பிள்ளை, இருபது வயதில் எந்தப் பெயர் கொண்ட குழுவிலும் ஆட முடியாது. ஆகவே, புதிய வீடமைப்புத் திட்டம் வரும்போது வீட்டின் அளவைக் கேட்பதோடு, திடலுக்கு இடம் எங்கே என்றும் கேட்போம். வரைபடத்தில் காட்டச் சொல்வோம். இருக்கும் திடலில் புல் வெட்ட, கோல் கம்பம் நட, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாமே இறங்குவோம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தோட்டங்களுக்கிடையே ஆட்டம் வைப்போம். பிள்ளைகள் தங்கள் குழுவுக்கு எந்தப் பெயரையும் வைத்துக்கொள்ளட்டும். அடுத்த ஆண்டு அதை மாற்றிக்கொள்ளவும் செய்யட்டும். திடல் மட்டும் அங்கேயே இருக்க வேண்டும்.

சிலாங்கூர்க் குழு நூறு ஆண்டுகளில் எத்தனையோ மாற்றங்களைத் தாண்டி வந்தது. ஒவ்வொரு தலைமுறையும் அதை "நம்முடையது" என்று சொல்லி அடுத்த தலைமுறையிடம் கொடுத்ததே அதற்குக் காரணம். நம்முடையது என்று சொல்ல நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் ஏதேனும் ஒன்று வேண்டும். திடலில் தொடங்கினால் மற்றவை பின்னால் வரும்.

நேயர்களே, இதைப் பற்றி உங்கள் வீட்டுப் பிள்ளைகளோடு பேசிப் பாருங்கள்.